இருபத்தோராவது வண்டி

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் இந்த வாரம் முழுக்க இரவு டியூட்டி, அதனால் பகலில் வீடு ஒரே அமைதி. விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டதா, இருமல் நின்றுவிட்டதா என்று எழுது.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நீ சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்ததும் அப்பா எடுத்துக்கொள்கிறார். கொக்கியின் உயரம், கூரைப் பலகை, துருவின் நிறம் என்று நீங்கள் இருவரும் பேசி முடிப்பதற்குள் என் காபி ஆறிவிடுகிறது. பிறகு போன் என் கைக்கு வரும். "நல்லா படிக்கிறியா?" என்பாய். "படிக்கிறேன்" என்பேன். அவ்வளவுதான் எனக்கு மிச்சம். கடிதத்தை அப்பா நடுவில் பிடுங்க முடியாது.

ஒரு செய்தி. என் பிறந்தநாளுக்கு அம்மா எனக்கு ஒரு குட்டிச் சரக்கு ரயில் பெட்டி வாங்கித் தந்தாள். உதிரிப் பாகங்களாக வருமே, அதுதான். தானியம் ஏற்றும் வண்டி. நிஜ வண்டியை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள். ஒட்டி முடித்தால் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். ஏணியின் படிகள் என் கண்ணிமை முடியைப் போல இருக்கின்றன. அப்பா ஆச்சரியப்பட்டு, "இவளுக்கு இதுல இஷ்டம் இருக்கா?" என்று அம்மாவைக் கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அம்மா சொன்னாள்: "அப்பாவும் பெரியவளும் இத்தனை வருஷமா ஒரு கட்சி. இவளுக்கும் ஒரு கொடி வேணும்ல?"

பின் அறையில் உங்கள் ரயில் அப்படியே இருக்கிறது. மூன்று சுவர்களையும் சுற்றி வரும் அந்தப் பலகை, அதன் மேல் தண்டவாளம், வண்டிகளைப் பிரித்து நிறுத்தும் யார்டு, உன் இருபது வண்டிகள். நீ போன பிறகு அதைத் துடைக்கிற வேலை என்னுடையது. ஓட்டுகிற வேலை இன்னும் அப்பாவுடையதுதான். என் வண்டி இருபத்தோராவதாக அந்த ரயிலில் சேர வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

ஜூன் 24

பூச்சிக்கு,

நலம். இருமல் போய்விட்டது. அறைத்தோழியின் குறட்டை போகவில்லை. அம்மாவைப் பகலில் தூங்க விடு, பாத்திரத்தை உருட்டாதே.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். புத்தகப்பூச்சி என்று நான் வைத்த பெயர் வீண்போகவில்லை, எழுத்தில் ஒரு பிழை இல்லை. ஆனால் ஒரு திருத்தம். அவை "உன் இருபது வண்டிகள்" அல்ல. பன்னிரண்டு என்னுடையவை, எட்டு அப்பாவுடையவை. அந்த மரக்கட்டை ஏற்றும் வண்டியை மட்டும் இருவரும் சேர்ந்து செய்தோம், அதை என் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

வேலை பரவாயில்லை. வரைபட அலுவலகம் என்றால் பெரிய மேசைகளைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். இருப்பது ஜன்னல் இல்லாத ஒரு கூடம், வரிசையாகக் கணினிகள். தலைமை வரைவாளர் ஒரு சிடுமூஞ்சி. முதல் நாளே எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு இரும்புத் துண்டை அளக்கச் சொன்னார், நானும் ஸ்கேலை வைத்து அளந்தேன். "ஸ்கேலோட முனையிலேர்ந்து அளக்கிற பொண்ணை யாரும்மா வேலைக்கு எடுத்தது? முனை தேஞ்சு கிடக்கும். ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு, ஒண்ணைக் கழி." காது சிவந்துவிட்டது.

உன் வண்டிக்கு வருவோம். அவசரப்பட்டு ஒட்டாதே. வண்டி லேசாக இருந்தால் வளைவில் சாயும், வயிற்றுக்குள் ஒரு இரும்பு வாஷரை ஒட்டு. துரு வண்ணத்தைத் தூரிகையால் பூசாதே, பஞ்சால் ஒற்று. நிஜத் துரு தூரிகை பிடித்துக்கொண்டு வராது.

சாயங்காலம் அறைக்கு வந்தால் கை சும்மா இருக்கிறது. அது எனக்குப் பழக்கமில்லை.

பலகையில் இருக்கும் சுரங்க வாயிலில் நான் ஒட்டிய பாசியைத் துடைக்கிறேன் என்று பிய்த்துவிடாதே.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலம் விழைகிறேன் (இந்தச் சொல்லைப் பாடப்புத்தகத்தில் பார்த்தேன், பிடித்திருந்தது). பாசி பத்திரமாக இருக்கிறது.

என் வண்டி முடிந்துவிட்டது. அப்பா அதைத் தம் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏணி நேராக இருக்கிறது என்றார். கைப்பிடிக் கம்பியில் பசை வழியவில்லை என்றார். பஞ்சால் ஒற்றிய துருவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அப்படியே உங்க அக்கா கை" என்றார். அது பாராட்டு என்று எனக்குத் தெரியும்.

பிறகு சோதனை. புது வண்டி எதுவாக இருந்தாலும் முழு ரயிலோடும் கோத்து, யார்டின் எல்லாப் பாயிண்டுகள் வழியாகவும் பின்னோக்கித் தள்ளவேண்டும் என்பது உங்கள் சட்டம். விழாமல் போனால் சேர்த்தி. நேர் தண்டவாளத்தில் அழகாகப் போயிற்று. தடம் பிரிகிற முதல் பாயிண்டில் என் வண்டி மட்டும் ஏறி, சாய்ந்து, விழுந்தது. மறுபடி வைத்தோம். மறுபடி விழுந்தது. வாஷர் மாற்றினேன், கொக்கியை உயர்த்தினேன், தாழ்த்தினேன். எல்லாப் பாயிண்டிலும் அதே கதை.

"முதல் வண்டிதானேம்மா. விடு" என்று சொல்லி அப்பா அதை எடுத்து ஜன்னல் பக்கத்துச் சிக் லைனில் நிறுத்தினார். பெரிய ரயில்வேயில் பழுதான வண்டிகளை ஒதுக்கி நிறுத்துகிற தடத்துக்கு அதுதான் பெயர் என்று நீதான் எனக்குச் சொன்னாய். உன் முதல் வண்டி எத்தனை நாள் சிக் லைனில் நின்றது என்று கேட்டேன். நிற்கவே இல்லையாம்.

அன்புடன்,
தங்கை

ஜூலை 19

பூச்சிக்கு,

சுகமே. இங்கே மழை, துணி காயவில்லை, அது ஒன்றுதான் குறை.

விழுந்ததற்கா அழுதாய்? அழவில்லை என்று எழுதாததால் கேட்கிறேன்.

பாயிண்டில் மட்டும் விழுந்தால் குற்றம் சக்கரத்தில்தான். மேசையின் இடது இழுப்பறையில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும், தபால்தலை அளவு. நான் பதினோரு வயதில் செய்தது. ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அதை நுழைத்துப் பார். இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும். முட்டினால் இடைவெளி குறைவு, ஆடினால் அதிகம். நம் இருபது வண்டிகளும் அந்தத் தகட்டுக்கு வைத்தவை. பாயிண்டுகளும் அதை வைத்துத்தான் போட்டோம், நானும் அப்பாவும் மண்டியிட்டு, ஒரு கோடை விடுமுறை முழுக்க. முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது.

இதை நீ அப்பாவிடமே கேட்டிருக்கலாம். அவர் தகட்டை எடுத்து ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். உனக்குப் பொறுமையாகச் சொல்லித்தருகிறாரா? என்னிடம் கத்துவார்.

ஒரு பட்டனைக்கூட நேராகத் தைக்கத் தெரியாத நீ ஏணியை நேராக ஒட்டினாய் என்கிறாய். போட்டோ அனுப்பு, பார்க்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். துணி காய்ந்ததா?

அழவில்லை. முகம் கழுவினேன்.

தகட்டை வைத்துப் பார்த்தேன். என் வண்டியின் சக்கரங்களுக்கு நடுவே அது கடகடவென்று ஆடுகிறது. அப்பாவும் பார்த்தார். "அகலம் ஜாஸ்தி. உள்ளே தள்ளணும்" என்றார். ஆனால் என் வண்டியின் சக்கரமும் அச்சும் ஒரே வார்ப்பு, நகராது. கூடவே வந்த குறிப்புத்தாளில், தொழிற்சாலையிலேயே சரியான அளவுக்கு வைத்தது, மாற்றத் தேவையில்லை என்று அச்சடித்திருக்கிறது. நான் அந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அச்சுல வந்ததெல்லாம் வேதமா? நம்ம தகடு பொய் சொல்லாது" என்றார். என்னிடம் அவர் கத்துவதில்லை. அதை நான் நல்லது என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

இன்னொரு செய்தி. மாதிரி ரயில் சங்கத்துத் தாடிக்காரர் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர், வீட்டுக்கும் வந்து ரயிலைப் பார்த்துவிட்டார். சுரங்கத்தின் முன்னால் குனிந்தவர் நிமிரவேயில்லை. அக்டோபர் முதல் சனிக்கிழமை நகரக் கூடத்தில் அவர்களுடைய கண்காட்சி. ஒவ்வொருவரும் கொண்டுவரும் வண்டிகளை அங்கே போட்டிருக்கும் பெரிய தடத்தில் ஓட்டுவார்களாம். எஞ்சின் சங்கத்துடையது, வண்டிகள் நம்முடையவை. அப்பா முதலில் கூச்சப்பட்டார். பிறகு சரி என்றுவிட்டார். இதுவரை நம் வண்டி எதுவும் வாசலைத் தாண்டியதில்லை அல்லவா? அப்பா இப்போது குளிக்கும்போதுகூடப் பாடுகிறார்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை வைக்கவேண்டும்: வண்டியின் வகை, செய்தவர் பெயர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். நேற்று முழுக்க உன் பெயரை எழுதினேன். உன் பெயரில் வரும் அந்தச் சுழியை இப்போது கண்ணை மூடிக்கொண்டும் போடுவேன். சிக் லைனில் நிற்பதற்கு அட்டை கிடையாது.

தங்கை

ஆகஸ்ட் 29

பூச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் தாமதம், வேலை அதிகம்.

கண்காட்சி பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறோம். கடைசியில் நானே கேட்டேன். "முடிஞ்சதும் போட்டோவோட சொல்லி உன்னை அசத்தலாம்னு பார்த்தேன். அந்தச் சின்னது உளறிட்டாளா?" என்று சிரித்தார். இப்போது என் வண்டிகள் முதன்முதலாக ஊர் பார்க்கப் போகின்றன, அவற்றை அங்கே எடுத்து வைக்கப் போவது நீ. எனக்கு விடுமுறை கிடைக்காது, கேட்டுப் பார்த்துவிட்டேன். சிடுமூஞ்சி மாட்டேன் என்று தலையைக்கூட அசைக்கவில்லை.

மரக்கட்டை வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்காதே, அடியில் பிடி. குளிர்சாதன வண்டியின் இடது கதவு திறக்கும், அதை யாருக்கும் திறந்து காட்டாதே. அட்டையில் என் பெயரை நீலத்தில் எழுது, கறுப்பில் வேண்டாம்.

உன் வண்டிக்கு வேறு சக்கரம் வாங்கித் தகட்டுக்கு வை. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா

செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கோபமும் சீக்கிரம் நலமடையட்டும். நான் உளறவில்லை. ரகசியம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அட்டைகளை நீலத்தில் மாற்றி எழுதிவிட்டேன்.

வேறு சக்கரம் வாங்கவில்லை. குறிப்புத்தாளில் அந்த இடைவெளி மில்லிமீட்டரில், தசமப்புள்ளியோடு கொடுத்திருக்கிறது. அச்சடித்த ஒன்றைப் பார்க்காமலே பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பர் இருக்கிறது. என் வண்டியையும் உன் தகட்டையும் பென்சில் டப்பாவில் வைத்துக் கொண்டுபோனேன். டீச்சர், "என்னடி இது, பொம்மை ரயிலெல்லாம் கொண்டு வர்றே?" என்றார். பொம்மை இல்லை, மாதிரி என்றேன். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். மாதிரி அளவுக்குக் கட்டுப்பட்டது என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, காலிப்பரைக் கொடுத்துவிட்டார். இரண்டையும் அளந்தேன். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன், நடைமுறை அதுதான். வெர்னியர் ஒரு அழகான கருவி.

அக்கா, ஒரு சந்தேகம். அந்தத் தகட்டை நீ எப்படி அளந்து வெட்டினாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அம்மா உனக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்புகிறாள்.

தங்கை

செப்டம்பர் 20

பூச்சிக்கு,

ஸ்வெட்டர் வந்தது. அம்மாவிடம் சொல், கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுக்கொள்கிறேன்.

தகட்டைப் பற்றி இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. எனக்கு அது ஒவ்வொரு நிமிஷமும் நினைவிருக்கிறது. அப்பா கடையிலிருந்து பழைய ஃப்ரேம் வெட்டிய பித்தளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். "அளவுக்கருவி கடையில கிடைக்கும். ஆனா நீயே செஞ்சா உன்னோடது" என்றார். அவருடைய எஃகு ஸ்கேலைக் கேட்டு வாங்கினேன். கடைக் கல்லாவில் எந்நேரமும் கிடக்குமே, சாவியோடும் சில்லறையோடும் உரசிக்கொண்டு, அது. தகட்டின் ஓரத்தையும் ஸ்கேலின் முனையையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து, ஊசியால் கோடு கிழித்து, அரத்தால் ராவினேன். முடித்ததும் அப்பா ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இனிமே இந்த வீட்டுக்கு இதுதான் சட்டம்" என்றார். அன்றைக்கு நான் வளர்ந்தது போல எனக்கு இருந்தது.

மேலே எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன்.

எதற்குக் கேட்டாய் என்று எழுது. அவசரமில்லை.

அக்கா

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அன்றைக்கு நெடுநேரம் நின்றதால். நீ நலம்தானே?

கண்காட்சி பற்றி அப்பா போனில் "ஆச்சு, நல்லபடியா ஆச்சு" என்று மட்டும் சொன்னதைக் கேட்டேன். உனக்கு முழுதாகத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன்.

நகரக் கூடம் பெரியது. கூரையில் வலை விரித்த மாதிரி இரும்புக் கம்பிகள். நடுவே மேசைகளைச் சேர்த்து, ஒரு தெருவின் நீளத்துக்குத் தடம் போட்டிருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். உன் வண்டிகளை ஒவ்வொன்றாக, அடியில் பிடித்துத்தான், எடுத்து வைத்தேன். இருபதும் கோத்து நின்றபோது கூட்டம் சேர்ந்துவிட்டது. தாடிக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு உன் துருவைக் காட்டினார். "இதைச் செஞ்ச பொண்ணு எங்கே?" என்று கேட்டு ஒருவர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்றேன்.

ரயில் புறப்பட்டது. முதல் பாயிண்டில் மூன்றாவது வண்டி ஏறி விழுந்தது. அது நாலாவதை இழுத்தது. அப்பா சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தார். அடுத்த பாயிண்டில் ஆறு வண்டிகள். மூன்றாவது பாயிண்டில் அவர் சிரிக்கவில்லை. சங்கத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், பல் பிடுங்கும் கருவிகளால்தான் வண்டி செய்வார். அவர் தம் அளவுக்கருவியை மரக்கட்டை வண்டியின் சக்கரங்களுக்கு நடுவே நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. இன்னொரு வண்டி, இன்னொன்று. "சார், உங்க வண்டியெல்லாம் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்கு" என்றார்.

"வீட்ல நல்லாத்தானே ஓடுது" என்றார் அப்பா.

"வீட்ல எல்லாரும் நல்லாத்தான் ஓடுவோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு அட்டைப்பெட்டியைத் திறந்து உன் வண்டிகளைத் திரும்ப வைக்கத் தொடங்கினார். ஒரு வண்டியைத் தலைகீழாக வைத்துவிட்டு, மறுபடி எடுத்துத் திருப்பினார். கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டுகிற கை, அது தவறி நான் பார்த்ததில்லை.

என் வண்டி என் பையில் இருந்தது, ஒரு காலுறையில் சுற்றி. அதை எடுத்துக் கொடுத்தேன். பல் டாக்டர் அளந்தார். கருவி தொட்டுக்கொண்டு நின்றது. எஞ்சினுக்குப் பின்னால் அதை ஒன்றை மட்டும் கோத்தார்கள். எல்லாப் பாயிண்டிலும் போயிற்று, பின்னோக்கித் தள்ளியபோதும். சாயங்காலம் வரை அந்தப் பெரிய தடத்தில் எங்கள் முறை வரும்போதெல்லாம் ஒரு எஞ்சின், ஒரு வண்டி. யாரோ, "முழு ரயிலும் டிக்கெட் எடுக்கலையா?" என்றார்கள். அப்பா ஒரு அட்டை கேட்டு வாங்கி, தம்முடைய கோணல் எழுத்தில் என் பெயரை எழுதி மேசையில் வைத்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று இந்த இடத்தில் எழுதவேண்டும்.

தங்கை

அக்டோபர் 25

பூச்சிக்கு,

நான் நலம். அப்பாவை முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் பழைய கடிதங்களையும் எடுத்து வரிசையாக வைத்தேன். சிக் லைனில் நின்ற வண்டி, விழும் என்று எல்லோருக்கும் தெரிந்த வண்டி, எதற்காகக் காலுறையில் சுற்றிக்கொண்டு பையில் ஏறியது? வெர்னியரில் என்ன வந்தது என்று செப்டம்பரில் நீ எழுதவில்லை. இப்போதும் எழுதவில்லை. மூன்று முறை அளந்து சராசரி எடுக்கிறவள் நீ.

குற்றம் என் தகட்டில். அதைத் தெரிந்துகொண்டே என் பெயரை நீலத்தில் அழகாக எழுதினாய். என் வண்டிகளை அடியில் பிடித்து எடுத்து வைத்தாய். பிறகு பார்த்துக்கொண்டு நின்றாய்.

இதை எழுதி, கிழித்துப்போட்டுவிட்டு, உனக்கு மழையைப் பற்றி எழுதலாம் என்றிருந்தேன். கிழிக்கவில்லை. ஏனென்றால், தகட்டைப் பற்றி நீ கேட்ட அன்றே, அந்த ஸ்கேலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோதே எனக்கும் தெரிந்துவிட்டது. சிடுமூஞ்சியின் குரல் காதில் கேட்டது: முனை தேஞ்சு கிடக்கும். தேய்ந்த அளவுக்கு என் தகடும் குறைந்திருக்கிறது. அதற்கும் கண்காட்சிக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அப்பாவிடம் பேசினேன். புதுச் சட்டை என்ன நிறம் என்று கேட்டேன். நான் இல்லாமல் நீங்கள் இருவரும் போகிறீர்கள் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. ரயில் நன்றாக ஓடினால் நான் எதற்கு என்று தோன்றியது. ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அப்பாவின் கையை நினைக்கவில்லை.

நீ ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கமாட்டேன். நீயும் என்னைக் கேட்காதே. இது நமக்குள் இருக்கட்டும். அப்பாவுக்குத் தெரியவேண்டாம்.

அக்கா

நவம்பர் 3

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும், எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தது. நேற்று அப்பா பின் அறையில் தனியாக இருந்தார். பெட்டியிலிருந்து வண்டிகளை எடுத்து, வீட்டுத் தடத்தில் வைத்து, மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட விழவில்லை. அதைப் பார்க்க எனக்கு முடியவில்லை. உள்ளே போய், எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொல்லிவிட்டேன். வெர்னியர், பென்சில் டப்பா, காலுறை எல்லாவற்றையும். நீ கேட்டபடி உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மட்டும் குற்றவாளியாக இருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்பா வண்டியைத் தள்ளுவதை நிறுத்தவில்லை.

"உங்க அக்கா ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டாளே" என்றார்.

என்ன சொன்னாள் என்று கேட்டேன். தனக்கு முன்பே தெரியும், வேண்டுமென்றே சொல்லவில்லை என்று சொன்னாளாம். ஒரு மணி நேரம் அழுதாளாம். என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்றேன். "உன்னைப் பத்தி ஒண்ணுமில்லையே. சின்னவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவளைக் கேட்காதீங்கன்னா." பிறகு அவர் ஒரு வண்டியைக் கையில் எடுத்து, சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு, "ஆகக்கூடி ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல. நல்ல புள்ளைங்க" என்றார். கோபமா என்று கேட்டேன். "அன்னிக்கு வந்துச்சு. யார் மேலன்னு தெரியாம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சதும் போயிடுச்சு" என்றார். வாசலில் நின்றிருந்த அம்மா சிரித்துவிட்டாள்.

அக்கா, எனக்குக் கடிதத்தில் வேண்டாம் என்று எழுதிவிட்டு, நீ போய்ச் சொல்லிவிட்டாய். அதிலும் நீதான் முதல். நான் அழவும் இல்லை, நீ ஒரு மணி நேரம் அழுதிருக்கிறாய். என்னையும் காப்பாற்றியிருக்கிறாய். நான் உனக்காகச் செய்தது என்று நினைத்ததை நீ எனக்காக முன்னமே செய்து முடித்திருக்கிறாய். எனக்கு நன்றியும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. இரண்டில் எது அதிகம் என்று அளக்க என்னிடம் கருவி இல்லை.

முடிவு என்னவென்றால், பாயிண்டுகள் எல்லாவற்றையும் பெயர்த்துச் சரியான அளவில் மறுபடி போடப்போகிறோம். எல்லா வண்டிச் சக்கரங்களையும் மாற்றவேண்டும். இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்று குறடைக் கையில் எடுத்தேன். அப்பா அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "அவ போட்டதும்மா. முதல் ஆணியை அவ பிடுங்கட்டும். லீவுக்கு வரட்டும்" என்றார். அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சரி என்று வந்தது.

அதுவரை வீட்டில் பழைய தடம்தான். உன் இருபது வண்டிகளும் ஓடுகின்றன. என்னுடையது சிக் லைனில் நிற்கிறது. சிடுமூஞ்சியிடம் கெஞ்சியாவது விடுமுறை வாங்கிக்கொண்டு வா. நீ வந்தால்தான் என் வண்டி ஓடும். இந்த வரியை எழுத எனக்குப் பிடிக்கவேயில்லை.

கொஞ்சம் குறைந்த, ஆனால் சரியாக அளந்த அன்புடன்,
பூச்சி